காலுறையில் வந்த புல்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், நேற்றிலிருந்து சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

போன வாரம் மலைச்சரிவில் புல் வகைகளைக் கணக்கெடுத்துவிட்டு வந்து, காலுறையில் தைத்த விதைகளைப் பிடுங்கினேன். ஒன்றின் முள் மட்டும் முழங்கையைப் போல மடங்கியிருந்தது. மறுநாள் அந்த விதை உள்ள புல்லைச் சரிவில் தேடிக் காட்டினேன்.

"இந்த ஊர்ப் புல்தாம்மா, விடு" என்றார் மேலதிகாரி.

ஒரு கையால் இழுத்தேன், வேரோடு வந்தது. பல வருடம் நிற்கும் உள்ளூர்ப் புல் அப்படி வராது. இது ஒரே பருவத்தில் காய்ந்து, விதையாலேயே மலையைப் பிடிக்கும் வெளிநாட்டுப் புல்.

அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "நீ சொன்னதுதான் சரி. விதை உதிர்றதுக்குள்ள பிடுங்கிடணும்."

நேற்று கடைசிப் புல்லையும் பிடுங்கிவிட்டோம்.

தடித்த காலுறை அனுப்பு. சின்ன வயதில் நான் பாவாடையில் ஒட்டுப்புல்லோடு வந்தால் வாசலிலேயே நிறுத்தி, திட்டிக்கொண்டே எடுப்பாயே. இங்கே நானே எடுக்கிறேன், நானே திட்டிக்கொள்கிறேன். திட்டுதான் உன் அளவுக்கு வரவில்லை.

ஜீப் வந்துவிட்டது.

உன் மகள்