கோபம் இருக்கு, காரணம் காணோம்

17-9-89, ஞாயிறு. பொம்மிடி

இன்று வீட்டில் இருந்தவர்கள்: சிட்னியிலிருந்து லீவில் வந்திருக்கும் பெரிய மகன் சென்றாயன், என்னோடு இருக்கும் சின்ன மருமகள் சாலம்மாள், அடுத்த தெருவில் இருக்கும் என் தம்பி முனியப்பன், மிஷினுக்கு நம்மூர் பிளக் மாட்ட வந்த அர்ச்சுனன், நான். எதிர்வீட்டுக் குள்ளம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அவளைச் சேர்க்கவில்லை.

தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். பெங்களூர் டாக்டர் சொன்னார். மூக்கின்மேல் மூடி போட்டுப் படுத்தால் மிஷின் குழாய் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருக்குமாம். சென்றாயன் சிட்னியிலிருந்தே வாங்கி வந்துவிட்டான். மாட்டியதும் முனியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அக்கா, தும்பிக்கை அம்சமா இருக்கு. ரெண்டு கொழுக்கட்டை வெக்கட்டுமா?"

சாலம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தூக்கம் எப்படி என்று எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. எழுத வருவது தமிழ், அதுவும் மூன்றாம் வகுப்புத் தமிழ். போதும்.

18-9-89

கழற்றி எறிந்துவிட்டேன்.

20-9-89

வாயைத் திறந்தால் காற்று வாய் வழியே புறப்படுகிறது. எண்ணெய் வைத்த தலையில் மூடியைக் கட்டுகிற பட்டை நிற்காமல் கழுத்துக்கு வழுக்குகிறது. மூக்கில் எட்டுக்கல் பேசரி இருக்கிற பக்கம் குக்கர் மாதிரி உஸ் உஸ் என்று சத்தம். "பேசரியைக் கழட்டும்மா" என்கிறான் சென்றாயன்.

"உங்கப்பா போட்டது. அவரு போனப்பவே கழட்டல. ஒரு ஊதுற டப்பாவுக்காகக் கழட்டுவனா?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். போகட்டும்.

23-9-89

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கல்யாணத்தில் யார் யாரை 'வாங்க' என்று கேட்கவில்லை, யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும். ஊரில் தகராறு என்றால் என்னிடம் வந்துதான் கேட்பார்கள். இந்தக் குள்ளம்மாளோடு நான் பேசி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மகள் மாதம்மாள் கல்யாணத்தன்று அவள் ஏதோ செய்தாள். இல்லை, சொன்னாள். என்ன சொன்னாள்?

வரவில்லை. நானும் நாலு நாளாகத் தேடுகிறேன். கோபம் இருக்கு, காரணம் காணோம்!

யாரைக் கேட்பது? கேட்டால் சிரிக்க மாட்டாங்களா? தூக்கம் கெட்டால் ஞாபகமும் கெடும், நன்றாகத் தூங்கினால் திரும்பலாம் என்றார் டாக்டர். திரும்பலாம் என்றார். திரும்பும் என்று சொல்லவில்லை. அதுவும் போச்சுன்னா அப்புறம் நான் யாரு?

பேசரியைக் கழற்றிவிட்டேன்.

24-9-89

காலையில் வெறும் மூக்கோடு வாசல் தெளித்தேன். குள்ளம்மாள் தன் கோழியிடம் சொன்னாள்: "பாத்தியா, சிலபேரு வயசான காலத்துல மூக்கை மொட்டையா வெச்சிக்கினு திரியறாங்க."

நான் என் ஆட்டிடம் சொன்னேன்: "உன் மூக்கே சப்பை, நீ எதுக்கு அடுத்தவ மூக்கைப் பாக்கற?"

அவளும் நானும் பேசிக்கொள்வது இப்படித்தான். அவள் கோழிகள் மாறின, என் ஆடுகள் மாறின.

29-9-89

பெரிய கூத்து!

இரண்டு நாளாகத் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, பட்டை நின்றது. விடியும்வரை அசையாமல் தூங்கினேன். கண் விழித்தால் கட்டில் முன்னால் குள்ளம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டு.

"ராத்திரி பூரா உன் கொறட்டையே கேக்கலடி! நீ செத்துட்டன்னு நெனச்சி ஓடியாந்தேன்!"

நான் மூடியோடும் குழாயோடும் எழுந்து உட்கார்ந்தேன். "ஐயோ சாமி!" என்று அலறிக்கொண்டு திரும்பி நிலையில் முட்டிக்கொண்டாள். நெற்றி புடைத்துவிட்டது. சாலம்மாள் காபி கொடுத்தாள். உட்கார்ந்து குடித்தாள். காரணம் தெரிந்தால் அல்லவா டம்ளரைப் பிடுங்குவது?

அப்போது முனியப்பன் வந்தான். அவளைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"என்னக்கா, இவங்கள உள்ள வுட்டுட்ட? மறந்துட்டியா?"

"எதை?"

"அதான்... அதை."

"எதைடா?"

காபி வேண்டாம் என்று போய்விட்டான். காபி வேண்டாமாம். முனியப்பன்!

8-10-89

பகலில் அடுப்பு முன்னால் தூங்கி விழுவது நின்றுவிட்டது. மாதம்மாள் கல்யாணத்தில் நான் கட்டியிருந்தது கத்தரிப்பூக் கலர். ரசத்தில் உப்பு இல்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா பாய் சரியில்லை என்று முறைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக வருகிறது. அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

15-10-89

நேற்று கரண்ட் இல்லை, மிஷின் ஓடவில்லை. காலையில் குள்ளம்மாள் கோழியிடம்: "அப்பாடா, நேத்துதான் நல்லாத் தூங்குனேன். அந்தக் கொறட்டைச் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் புடிக்கறதில்ல."

21-10-89

வந்துருச்சு! பல் விளக்கும்போது வந்துருச்சு!

கல்யாண வேலையில் களைத்துச் சுவரோரம் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். குள்ளம்மாள் தோளைத் தட்டி, எல்லார் முன்னாலும், "பந்தி எந்திரிச்சாச்சு!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. பன்றி எழுந்துவிட்டதாம்! பெண்ணைப் பெத்தவளை, பெண்ணோட கல்யாணத்துல!

செம்பைப் போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனேன். ஆட்டிடம் சொல்லவில்லை, நேராகவே கேட்டேன்.

"என்னையப் பன்னின்னு சொன்னியா இல்லியா?"

வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி! காலையிலருந்து நீ பட்டினி. மொதப் பந்தி எந்திரிச்சாச்சு, சாப்புட வான்னு எழுப்புனேன்டி! அவங்க சிரிச்சது உன் கொறட்டைக்கு!"

சாப்பாட்டுப் பந்தி. அவள் தமிழ்க்காரி, தமிழில் சொல்லியிருக்கிறாள். அரைத் தூக்கத்தில் இருப்பவளுக்குத் தாய்மொழிதானே காதில் விழும்?

"அப்பவே கேக்கறதுக்கென்ன?" என்றாள்.

"ஏன் பேசலன்னு நீ கேக்கறதுக்கென்ன?" என்றேன்.

விலா வலிக்கச் சிரித்தோம். கோழி பயந்து கூரைமேல் ஏறிவிட்டது.

தீபாவளி

எதிர்வீட்டுக்குத் தட்டு கொண்டுபோனேன். அதிரசம், முறுக்கு, எல்லாம். குள்ளம்மாள் தட்டோடு என் வீட்டுக்கே வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, பாதியை இங்கேயே தின்றாள்.

முனியப்பன் தூக்குவாளியோடு வந்தான். நாங்கள் பேச்சை நிறுத்தியதிலிருந்து அந்தத் தட்டு அவன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

"எனக்குத் தட்டு எங்கக்கா?"

அவன் குரலைக் கேட்டதும் மிச்சமும் வந்துவிட்டது. அன்றைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு இவனிடம்தான் கேட்டேன், அவ என்னடா சொன்னா என்று. இரண்டு பாஷையும் இவனுக்குத் தண்ணிபட்ட பாடு. "பந்தின்னாங்கக்கா" என்றான். சிரிக்கக்கூட இல்லை.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்? அவங்க பந்தின்னுதான சொன்னாங்க!" கண் அதிரசத்தின் மேலேயே இருந்தது.

"வுடுடி, தம்பிதான" என்கிறாள் குள்ளம்மாள். அவளுக்கு வெள்ளை மனசு. எனக்கு அப்படி இல்லை.

ராத்திரிக்கு மூடி போட்டுக்கொள்ள இப்போது யாரும் சொல்ல வேண்டியதில்லை. பேசரியைக் கழற்ற வைத்த மகனை மன்னித்துவிட்டேன். என்னைச் சாகடித்துப் பார்த்த குள்ளம்மாளையும் மன்னித்துவிட்டேன். மன்னிக்கப் போவதில்லை என்று ஒருத்தன் பேரைக் காரணத்தோடு இங்கே எழுதி வைக்கிறேன்: முனியப்பன்.