சீமாட்டியின் இரண்டாவது ரத்தப் பரிசோதனை

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. உன் சீமாட்டிக்குத்தான் சரியில்லை. இருபத்தாறு வயதுக் குதிரைக்கு எல்லாம் சரியாக இருந்தால்தான் அதிசயம் என்று நீ சொல்வாய், எனக்கும் அது தெரியும், தெரிந்து என்ன பிரயோஜனம். போனில் பேசலாமென்றால் உன் அப்பா எதிரே நின்று சொல்லாதே சொல்லாதே என்று ஜாடை காட்டுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் குதிரை டாக்டரம்மா பல்லைப் பார்க்க வந்தவள், வயதாகிவிட்டது, வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்ப்பது நல்லது, நாளைக் காலை வருகிறேன், அதுவரை தீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குத் தெரிந்த வெறும் வயிறு உன் அப்பாவின் இடுப்பு ஆபரேஷன்தான், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரக் கூடாது என்று அன்றைக்கு நர்ஸ் விரட்டினாளே. அந்த நினைப்பில் சாயங்காலமே லாயத்திலிருந்து தண்ணீர் வாளியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டேன். காலையில் சீமாட்டி வாளி இருந்த இடத்தை முகர்ந்துகொண்டு நின்றாள், கொஞ்சம் பொறுத்துக்கோடி என்று அதட்டினேன்.

ரிப்போர்ட் வந்தது. இரண்டு பக்கம் எண்கள், பக்கத்தில் இருக்க வேண்டிய அளவு, கூடினால் மேலே பார்த்த அம்பு, குறைந்தால் கீழே பார்த்த அம்பு. ஸ்கேலை வைத்து வரிவரியாகப் படித்தேன். சிவப்பணு கொஞ்சம் குறைவு, கல்லீரல் பரவாயில்லை, கிரியாட்டினின் என்ற வரியில் விரல் நின்றுவிட்டது. ஒன்று புள்ளி ஒன்பதுக்குள் இருக்க வேண்டியது மூன்று புள்ளி நான்கு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடுகிறதாம். உன் அப்பா நேரே பரிசோதனைக்கூடத்துக்குப் போய், வேறு குதிரையின் ரத்தத்தை மாற்றிப் பார்த்துவிட்டீர்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்தார், அவருக்கு வேறென்ன செய்யத் தெரியும். டாக்டரம்மாதான், ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது, தண்ணீர் குடிக்காமல் இருந்தாலே இது ஏறும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை, மூன்றாம் நாள் அவளிடம் வாளி விஷயத்தைச் சொன்னேன். அவள் திட்டவில்லை, ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம், தீனியை மட்டும்தான் நிறுத்தணும் என்றாள். உன் அப்பா அந்த வாரம் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். திரியட்டும் என்று விட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, தப்பு என்னுடையது என்றால் அவளுக்கு ஒன்றும் இல்லைதானே. வாளி வாளியாகக் குடித்தாள், நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள் என்று போனில் உன்னிடம் பெருமையடித்தேன் அல்லவா, அது அந்த வாரம்தான்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் மூன்று புள்ளி இரண்டு. கால்சியம் முதலிலேயே மேலேதான் இருந்தது, அதுவும் இறங்கவில்லை. மூத்திரத்தையும் பார்த்தார்கள், பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். டாக்டரம்மா என் தோளைத் தொட்டு, "நீங்க வாளிய எடுத்து வச்சதால வந்தது இல்லம்மா. இது பல மாசமாவே இருந்திருக்கு. அவ அவ்வளவு தண்ணி குடிக்கிறதே அதனாலதான்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நான் லாயத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் தப்பாகவே இருந்திருக்கக் கூடாதா குட்டி. மருந்து உண்டா என்று கேட்டதற்கு, போன சிறுநீரகத்தைத் திருப்பித் தரும் மருந்து இல்லை, குதிரைமசால் தீவனத்தை நிறுத்துங்கள், அதில் கால்சியம் அதிகம், புல்லும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும், மூன்று மாதத்துக்கொரு தடவை ரத்தம் பார்ப்போம் என்கிறாள். பார்த்து என்ன செய்யப் போகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. இப்போது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய் வாளியைப் பார்க்கிறேன், குடித்திருந்தாலும் பயம், குடிக்காவிட்டாலும் பயம்.

வருஷக் கடைசியில் மகள் லீவில் வருகிறாள், அதுவரைக்கும் சீமாட்டி இருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அத எந்த ரிப்போர்ட்டும் சொல்லாதும்மா" என்றுவிட்டாள். வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று எழுத எனக்கு மனசில்லை, வர வேண்டாம் என்று எழுதவும் கை வரவில்லை. லீவை முன்னால் தள்ளித் தருவார்களா என்று சும்மா கேட்டுப் பார். உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம், சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நீ இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு, நேரத்துக்குச் சாப்பிடு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நீ வந்து நிற்கும்போது முகத்தில் அதிர்ச்சியைக் காட்டிவிடாதே, உன் அப்பா தாங்க மாட்டார். போன வாரம் அவர் உனக்கு அனுப்பினாரே சீமாட்டியின் போட்டோ, அது மூன்று வருஷத்துக்கு முன்னால் எடுத்தது.

இப்படிக்கு,
உன் அம்மா