பக்கவாட்டு வெளிச்சம்

அக்கா,

மறுபடியும் அந்த ஸ்பிரிட் வாசனை. தி. நகரில் உன்னைச் சேர்த்திருந்த அதே நர்ஸிங் ஹோம், அதே மாடி. இப்போது கட்டிலில் அம்மா. நேற்று ஆபரேஷன் ஆயிற்று, துணைக்கு நான் மட்டும். விடியற்காலையில் அம்மாவுக்கு ஏற்றவேண்டிய குளுக்கோஸ் பாட்டில் ஜன்னல் மேடையில் நிற்கிறது. அதைப் பார்க்கப் பயந்துகொண்டு, வராந்தா விளக்கின் கீற்றில் இதை எழுதுகிறேன்.

கிண்டியில் உன் கம்பெனியில் தயாரானவையும் இதே மாதிரி பாட்டில்கள்தானே. உள்ளே தூசி இருக்கிறதா என்று நாள் முழுக்க அவற்றைக் கறுப்புப் பலகைக்கு முன்னால் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து கண் சிவக்க வருவாய்.

"இன்னிக்கு பாட்டிலுக்குள்ள மீன் ஏதாவது மாட்டிச்சா?" என்று அப்பா கேலி செய்வார்.

"திமிங்கலமே மாட்டிச்சுப்பா."

ஒருநாள் கரண்ட் போனபோது இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் மட்டும் அரிசி களைந்த நீரை ஒரு சொட்டு விட்டாய். மெழுகுவத்தி வெளிச்சத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து அடித்தாய். ஒன்றில் இருட்டு. மற்றதில் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு.

"நேரா பாத்தா ஏமாந்துடுவேடி. தூசி மேல பட்டாத்தான் வெளிச்சம் பக்கத்துல சிதறும். தண்ணி சுத்தமா இருந்தா அது பாட்டுக்குப் போயிடும்."

இதையே அளக்க உங்கள் லேபில் ஒரு மெஷின் இருக்கிறது என்றாய். ஒரு பக்கம் விளக்கு, அதற்குக் குறுக்கே சிதறும் ஒளியை வாங்கிக்கொள்ளும் கண். நல்ல தண்ணீர் என்றால் மீட்டர் முள் தூங்கும். கலங்கல் ஏற ஏற முள்ளும் ஏறும். "ரெண்டு மூணு தூசிக்கெல்லாம் முள்ளு அசையாது. அதுக்குத்தான் எங்க கண்ணு," என்று சிரித்தாய்.

டைபாய்டில் நீ இங்கே கிடந்த கடைசி ராத்திரி, தலைக்கு மேலே தொங்கிய பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாய். "டார்ச்ச சாய்ச்சுப் பிடிடி" என்றாய். நான் எடுப்பதற்குள் நர்ஸ், "ஜுரத்துல உளறுது, நீ வெளிய போம்மா" என்று என்னை அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கட்டிலே ஆடும்படி உனக்குக் குளிர் கண்டது. காலையில் நீ இல்லை. பாட்டில் காரணமா, ஜுரம் காரணமா, எனக்குத் தெரியாது. அந்தப் பாட்டிலை யாரும் வெளிச்சம் அடித்துப் பார்க்கவில்லை.

இன்று ராத்திரி இங்கேயும் கரண்ட் போனது. உன் டார்ச் என்னிடம்தான் இருக்கிறது. மேடையில் இருந்த பாட்டிலைக் கவிழ்த்து நிமிர்த்திப் பக்கவாட்டில் அடித்தேன். உள்ளே பொடிப்பொடியாக என்னவோ மினுங்கிச் சுழன்றது.

ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னா பாப்பா, குமிழி கீது, அதப் போயி பாத்துக்கினு கீறே. படு."

குமிழி என்றால் மேலே போய் மறைந்துவிடும், அக்கா. இவை மெதுவாகக் கீழே இறங்கின.

நர்ஸ் வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. டியூப்லைட்டில் பாட்டில் பளிங்காக இருந்தது. "சீல் வச்சு வந்த பாட்டிலு. நீ என்ன பெரிய டாக்டரா?" என்று போய்விட்டாள்.

அவள் போனதும் பாட்டிலை என் பைக்குள் ஒளித்தேன். பிறகுதான் உறைத்தது. இதே பெட்டியில் வந்த மற்ற பாட்டில்கள் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. இது இல்லையென்றால் இன்னொன்றை மாட்டுவார்கள். வீட்டிலிருக்கும் அப்பா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாலும் அதற்குள் ஏற ஆரம்பித்துவிடும்.

அதனால் பாட்டிலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். இருட்டு இருக்கும்போதே நர்ஸிடம் காட்டியாக வேண்டும். விடிந்துவிட்டால் ஒன்றும் தெரியாது. வராந்தாக் கோடியில் ட்ரே குலுங்குகிற சத்தம் கேட்கிறது.

"சிஸ்டர், முதல்ல லைட்டை அணைங்க." இதைத்தான் சொல்லப்போகிறேன். உன் டார்ச்சை மடியில் வைத்திருக்கிறேன். திட்டினாலும் பிடித்து இழுத்தாலும், இந்தத் தடவை நான் வெளியே போகமாட்டேன்.