வினிகர் ஊற்றாத சாயம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீ போன் செய்தபோதெல்லாம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று வருத்தப்பட்டிருப்பாய். உன் தம்பி பெண்டாட்டியின் காதில் விழும்படி எதையும் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியதிலிருந்து அவள் யாரோடும் பேசுவதில்லை. தட்டை வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். நான் லேத் பட்டறைக்கும் போய், சமைத்து, துவைத்து, பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பி... உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தெம்பில்லை, அக்கா.

ஞாயிற்றுக்கிழமை உன் மருமகளுக்குப் பிறந்தநாள். போன வருடம் அவள் அம்மா செய்து கொடுத்த மாதிரி வண்ண முட்டைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைச் சாயம் பட்டால் பெண்ணுக்குக் கை தடித்துவிடும். அதனால் ஒரு பாத்திரத்தில் வெங்காயத் தோல், ஒன்றில் மஞ்சள்தூள், இன்னொன்றில் ஊதா முட்டைக்கோஸ் என்று கொதிக்கவைத்து வடிகட்டி, அவித்த முட்டைகளைப் போட்டேன். வெகுநேரம் கழித்து எடுத்துத் துடைத்தால், சாயமெல்லாம் துணியோடு வந்துவிட்டது. முட்டைகள் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தன. பெண் அழவில்லை. பரவாயில்லை என்று என்னைத் தேற்றினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுப்படியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பின்னால் குரல் கேட்டது. "வினிகர் ஊத்தலையா?"

படுக்கையிலிருந்து எழுந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். மெல்ல வந்து, முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாத்திரத்திலும் வினிகர் ஊற்றி முட்டைகளை மறுபடி போட்டாள். பெண் கரண்டியால் புரட்டிக்கொண்டே இருந்தாள். வெங்காயத் தோல் செங்கல் நிறம் கொடுத்தது. முட்டைக்கோஸில் சாயங்காலம்வரை ஊறியது நல்ல நீலம். அந்த ஊதாத் தண்ணீரில் நீலம் வரும் என்று சத்தியம் பண்ணியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பெண் பங்கு பிரித்தாள். செங்கல் நிறம் அப்பாவுக்கு, மஞ்சளில் ஒன்று அம்மாவுக்கு, ஒன்று தனக்கு. நீலத்தைத் தனியாக வைத்து, தம்பிப் பாப்பாவுக்கு என்றாள். நான் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தப் போனேன். உன் தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ சொல்லட்டும். இந்த வீட்ல அவன்னு ஒருத்தன் வந்தான்னு வேற யாருமே சொல்லல."

அதற்குப் பிறகுதான் அழுதாள். முதல்முறையாக, வாய்விட்டு. பெண் மஞ்சள் கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. இன்றும் படுத்துத்தான் இருக்கிறாள். நேற்று மட்டும், அண்ணி எப்போது வருவார்கள் என்று கேட்டாள்.

மாமாவிடம் சொல்லிவிட்டு ஒருமுறை வந்துவிட்டுப் போ, அக்கா. வந்ததும் அவளுக்குத் தைரியம் சொல்லாதே. பிள்ளை எப்படி இருந்தான் என்று கேள். என்னிடமும் கேள். நான் அவனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அவனுக்கு உன் மூக்கு.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
தம்பி