இலைக்குப் பின்பக்கம்

ஏங்க,

சாப்பாடு மேசைமேல மூடி வச்சிருக்கேன்.

பீன்ஸ் செடிக்கு நேத்து மாதிரி கண்ணை மூடிக்கிட்டு மருந்தடிக்காதீங்க. பூவெல்லாம் கொட்டிப்போச்சு, அதான் கத்திட்டேன். முதல்ல இலையைத் திருப்பிப் பாருங்க. கறுப்பா பேன் அப்பியிருந்தா சோப்புத் தண்ணி போதும். விரல்ல துரு மாதிரி ஒட்டினா அந்த இலையைக் கிள்ளிப் போடுங்க. மஞ்சள் திட்டுத்திட்டா இருந்தா மருந்தே கிடையாது, செடியையே பிடுங்கிடுங்க. மேல பச்சைப்பசேல்னு இருக்கிறதை மட்டும் நம்பாதீங்க.

வண்டிச் சாவி செருப்பு அலமாரியில.

இந்தச் சீட்டையும் திருப்பிப் பாருங்க.

(பின்பக்கம்)

அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னது பொய். மார்புல ஒரு கட்டி. பத்து நாளா உங்ககிட்ட சொல்ல வாய் வரலை. இன்னைக்கு மூணு மணிக்குப் பெரியாஸ்பத்திரியில ரிசல்ட் தர்றாங்க, ரெண்டாவது மாடி. தனியா வாங்கிக்கப் பயமா இருக்கு.

செடி கிடக்கட்டும். நீங்க வந்துடுங்க.