போஸ்டரில் காலியாக விட்ட வரி

என் தங்கமே பாண்டி,

அப்பன் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, என் கையாலேயே. ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகிறது. ஆனாலும் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உன் பெண்டாட்டி செல்விதான் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். உன் வழக்குத் தாளை யாரோ படிக்க, நான் தலையாட்டிக்கொண்டே இருக்கவா? அந்த ரோஷம்தான். இப்போது பஸ் போர்டு, உரமூட்டை எதையும் விடுவதில்லை.

உன் முதல் வருஷ நினைவுநாளுக்குத் திண்டுக்கல்லில் போஸ்டர் அடிக்கக் கொடுத்தோம். நீ எப்படிப் போனாய் என்பதைப் போட வேண்டும் என்று சொல்லித்தான் வந்தேன். வாங்கப் போன இடத்தில் ஒன்றை விரித்து எழுத்துக் கூட்டினேன். உன் படம், உன் பேர், கீழே 'இறைவனடி சேர்ந்தார்.' எல்லா போஸ்டரிலும் போடுகிற வரி.

நீ அப்படியா போனாய்? தேங்காய் லோடு இறக்கிவிட்டு வந்தவனைத் திருட்டுக் கேஸில் விசாரிக்க வேண்டும் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். நடந்துதான் போனாய். மறுநாள் பெரியாஸ்பத்திரியில் துணி மூடிக் காட்டினார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாயாம். வழுக்கி விழுந்தவனுக்கு உள்ளங்கால் எப்படியப்பா கன்றிப்போகும்? சந்தேக மரணம் என்று எழுதியதோடு சரி. அடித்தவர்கள் வேறு ஊரில் டூட்டி பார்க்கிறார்கள்.

பிரஸ்காரர் நல்ல மனுஷன்தான். நான் வாசித்ததைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க வாசிப்பீகன்னு தெரியாமப் போச்சு அப்பு. நாளைக்கு ஸ்டேஷன்காரவுக வந்து கேட்டா நான் கடை நடத்தணும்ல?"

"அந்த வரிய எடுத்துட்டு எடத்த சும்மா விட்டுக் குடுப்பா. நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

வீட்டுத் தரையில் பரப்பி வைத்து, செல்வியும் நானும் பெயிண்டைத் தொட்டு எழுதினோம்: 'காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டவர்.' அவள் எழுத்து அச்சுப் போல இருக்கும். என்னுடையது ஏறி இறங்கிக் கிடந்தது. படிக்க முடிகிறது, அது போதும்.

சித்தையன்கோட்டை பஸ் ஸ்டாப்பில் ஒட்டும்போது ஒரு போலீஸ்காரர் வந்தார். எந்தக் கட்சிக்காரன் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார்.

"நாந்தேன் எழுதுனேன். சந்தேகம்னா நில்லுங்க, இங்கனயே எழுதிக் காட்டுறேன். செத்த நேரம் ஆகும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கிழிக்கக் கையை நீட்டினார். பூ விற்கிற பெண்கள் எழுந்து வந்து சுவரை மறைத்து நின்றார்கள். அவர் போய்விட்டார்.

அந்தப் பெண்கள் எங்களோடு கலெக்டர் ஆபீஸுக்கும் வந்தார்கள் பாண்டி. வழியில் ஆத்தூர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொலை வழக்காக மாற்று, அடித்தவர்கள் பேரைப் போடு என்று கேட்டோம். பார்க்கிறோம் என்றார்கள். மாற்றும் வரைக்கும் வாராவாரம் வந்து உட்காருவோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

குற்றப்பத்திரிகை வந்தே தீரும். வருகிற அன்றைக்கு அதை வேறு யாரும் வாசிக்க விடமாட்டேன். கோர்ட் வாசலில் ஊர் கேட்க நானே வாசிப்பேன். மெதுவாகத்தான் வாசிப்பேன். ஒரு பேரையும் விடமாட்டேன்.

உன்னைப் பெற்ற அப்பன்,
கருப்பையா