யோர்தானின் அகலம்

செப்டம்பர் 10

பத்தொன்பதாம் தேதி புனித பூமிக்குக் கிளம்புகிறோம். யோர்தான் ஆற்றில் முங்கி வந்தால், எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களும் பெயருக்கு முன்னால் ‘ஹஜி’ போட்டுக்கொள்ளலாம். ஹஜி ஸ்டாமென்! கதவுக்குப் பித்தளைப் பலகை இன்றே சொல்லிவிட்டேன். ரடா சிரிக்கிறாள். “பக்திக்குப் போறீங்களா, பட்டத்துக்குப் போறீங்களா?”

இரண்டுக்கும்தான். பொண்டாட்டியிடம் ஒத்துக்கொள்ள முடியுமா?

செப்டம்பர் 17

கிளம்புமுன் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாக வேண்டுமே, தெரு முழுக்க ஏறி இறங்கினேன். “மன்னிச்சிருங்க.” “கடவுள் மன்னிப்பார்.” கசாப்புக்கடை நாயைக்கூட விடவில்லை. எதிர்வீட்டை மட்டும் விட்டேன்.

எதிர்வீடு மின்ச்சோ அண்ணன். கூடப் பிறந்தவர். என் மகள் கல்யாணத்தில், நான் காய்ச்சிய பிளம் சாராயத்தை நாலு பேர் முன்னால் “தூ” என்று துப்பினார். மிச்சக் குடுவையை அவர் தலையில் கவிழ்த்தேன். ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. துப்பியது அவர் — நான் ஏன் கேட்கணும்?

செப்டம்பர் 18

“எல்லார்கிட்டயும் கேட்டாச்சா?” என்றார் யோவாகிம் பாதிரியார். ஆச்சு என்றேன். கோயில் வாசலிலேயே பொய்.

செப்டம்பர் 21, கலிலேயா

மலைப்பிரசங்க மலை. மண்டையைப் பிளக்கும் வெயில். கூட வந்த பாதிரியார் வாசித்தார்: காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவு வந்தால், அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு. அறுபது வருஷமாகக் கேட்ட வசனம். கொட்டாவிதான் விட்டிருக்கிறேன்.

பஸ்ஸில் சும்மா கேட்டேன், “அந்தப் பலிபீடம் எங்க ஃபாதர்?”

“எருசலேம்லதான். இங்கேர்ந்து நடந்தா நாலு நாளாகும்.”

வீட்டுக்குத் திரும்ப நாலு, மறுபடி போக நாலு! அன்று அந்த மலையில் உட்கார்ந்து கேட்ட சனத்துக்கு அது தெரியுமே. எனக்கு? எதிர்வீடு. பத்து எட்டு வைத்தால் போதும்.

சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சலா என்று ரடா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

செப்டம்பர் 23

இதுவா யோர்தான்? படத்தில் கடல் மாதிரி வரைவார்களே! கலங்கல் தண்ணீர். எங்கள் தெரு அகலம்கூட இல்லை.

வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். செத்தால் இதைப் போட்டுத்தான் புதைப்பார்கள். அக்கரையிலும் யாத்திரிகர்கள். ஒரு தொப்பைக்காரர் வழுக்கி விழப் போனார் — அப்படியே மின்ச்சோ அண்ணன்! என்னை அறியாமல் கை நீட்டினேன். அக்கரை வேறு நாடு, நடுவில் எல்லைக் கயிறு கட்டியிருக்கிறார்கள்.

பாதிரியார் என் தலையில் கை வைத்தார். “வேணாம் ஃபாதர். ஒருத்தரை விட்டுட்டேன்.” முழங்கால் நனைந்ததோடு கரையேறிவிட்டேன். அழுதேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பஸ் முழுக்கச் சிரிப்பு. ரடா வேறு, “முழங்கால் வரைக்கும் ஹஜி!” என்கிறாள். ஆனால் விடுதி வரும்வரை என் கையை விடவில்லை. காலி சாராயக் குடுவையில் யோர்தான் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 27

வீடு. பலகை வந்திருக்கிறது, பளபளவென்று. எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 28

குடுவையோடு காலையில் போனேன். பத்து எட்டு வைக்க அரைமணி நேரம். அண்ணன்தான் கதவைத் திறந்தார்.

“அண்ணே, மன்னிச்சிரு.”

“முங்காமலே வந்துட்டியாமே? ஊரே சிரிக்குது.”

“உன்னைக் கேக்காம எப்படிண்ணே முங்குறது?”

குடுவையை வாங்கி மோந்து பார்த்தார். “நீ காய்ச்சினதா?”

“யோர்தான் தண்ணி.”

“அதானே, நாத்தமே இல்லையேன்னு பாத்தேன். குனிடா.”

குனிந்தேன். கடைசிச் சொட்டுவரை என் தலையில் கவிழ்த்தார். “கடவுள் மன்னிப்பார்” என்றார்.

சட்டை இன்னும் ஈரம். மாற்ற மனசு வரவில்லை.